பழைய ரிவால்வர், 1,150 டாலர்: விளம்பரத்தில் போட்ட விலை நியாயமா?

நீங்கள் கேட்டது இதுதான். டாலஸ் பக்கம் குடியிருக்கிறீர்கள், கிரீன் கார்டு வந்துவிட்டது, வீட்டுக்கு அருகிலேயே ஒரு தனிநபர் தன்னுடைய பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 ரிவால்வரை ஆன்லைனில் 1,150 டாலருக்கு விளம்பரம் செய்திருக்கிறார். "95 சதவீத கண்டிஷன், அதிகம் சுடாதது, கைதேர்ந்தவரிடம் கொடுத்து மறுபடி புளூயிங் செய்தது, பேரம் வேண்டாம்" என்பது அவர் எழுதியது. (புளூயிங் என்பது இரும்பைக் கருநீலமாக்கும் மேற்பூச்சு வேலை.) கூடவே நான்கு படங்கள். விலை சரியா என்று கேட்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது அதைவிடக் கொஞ்சம் பெரிய விஷயம்: கையில் எடுத்துப் பார்க்காத ஒரு பொருளின் நிலையை, முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய வார்த்தைகளிலிருந்து எப்படிக் கணித்து ஒரு தொகையாக்குவது? அதற்குத்தான் இந்தப் பதில்.

ஆனால் கேள்வியின் கடைசியில், ஹெச்-1பி விசாவில் இருக்கும் நண்பருக்கும் உங்கள் பெயரில் ஒன்று வாங்கித் தரலாமா என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். அதை முதலில் முடித்துவிடுவோம். கூடாது. அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே முடியாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. அப்படிப்பட்டவர் தன் பெயரில், தானே படிவம் நிரப்பி வாங்க வேண்டும். இன்னொருவருக்காக நாம் வாங்குவது தனிக் குற்றம். 2022-இல் வந்த சட்டத்தில் 15 ஆண்டு வரை சிறை இருக்கிறது. கிரீன் கார்டில் இருக்கும் உங்களுக்கு அது குடியேற்றப் பிரச்சினையாகவும் வெடிக்கும். நண்பர் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். வேட்டை உரிமம் வழியாக வாங்க அவர் நினைத்தால், முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்கட்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உரிமம் பெற்ற டீலர் ஒருவரின் கடையில், விற்க வரும் பழைய துப்பாக்கிகளைச் சோதித்து விலை போடும் வேலையைப் பல வருடங்கள் பார்த்தவன் நான். ரிவால்வர்களும் போல்ட் ஆக்ஷன் ரைஃபிள்களும்தான் எனக்கு நன்றாகப் பழக்கம். இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் பிஸ்டல், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கி போன்ற சேகரிப்புப் பொருட்களுக்கு என் கண் போதாது, அதற்கென்றே இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். மாடல் 19 பற்றித் தயங்காமல் பேசுவேன்.

அந்த விளம்பரத்தில் முதலில் இடிப்பது விலை அல்ல. "95 சதவீதம்" என்பதும் "மறுபடி புளூயிங் செய்தது" என்பதும் ஒரே வாக்கியத்தில் இருக்க முடியாது. இங்கே பழைய துப்பாக்கி வியாபாரத்தில் புழங்கும் சதவீதக் கணக்கு, 1981 முதல் வரும் ப்ளூ புக் என்ற விலைப் புத்தகம் பரப்பிய முறை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அசல் மேற்பூச்சில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைத்தான் அந்தச் சதவீதம் குறிக்கிறது. துப்பாக்கி எவ்வளவு பளபளக்கிறது, எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை அல்ல. மறுபடி புளூயிங் செய்த துப்பாக்கியில் அசல் பூச்சு என்று எதுவும் மிச்சமில்லை. பூச்சு தேய்ந்து 70 சதவீதத்தில் நிற்கும் அசல் மாடல் 19-க்கு, கண்ணாடி போல் மின்னும் மறுபூச்சுத் துப்பாக்கியை விடச் சேகரிப்பவர்கள் அதிகம் கொடுப்பார்கள். இது முதல் தடவை கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் சந்தை அப்படித்தான் நடக்கிறது.

இன்னொரு முறையும் உண்டு. அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த சொற்கள்: எக்ஸலண்ட், வெரி குட், குட், ஃபேர் என்று இறங்கும். இவற்றுக்கு ஓரளவு துல்லியமான பொருள் உண்டு. நவீனத் துப்பாக்கிகளில் "வெரி குட்" என்றால் முழுமையாக வேலை செய்ய வேண்டும், உரசும் பாகங்களில் சொல்லும்படியான தேய்மானமோ துருவோ குழியோ இருக்கக் கூடாது, மேலே சின்னக் கீறல் இருக்கலாம். "ஃபேர்" என்றால் பாதுகாப்பாகச் சுட முடியும், ஆனால் நன்றாகத் தேய்ந்தது, சில சின்னப் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம், அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். தனிநபர் விளம்பரங்களில் இந்தச் சொற்களை அகராதிப் பொருளில்தான் எழுதுகிறார்கள். "ரொம்ப நல்லா இருக்கு" என்று தோன்றினால் வெரி குட். ஆகவே விற்பவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு அந்த அளவுகோல் தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். அவர் எழுதிய சொல்லை ஓரமாக வைத்துவிட்டுப் படங்களைப் பாருங்கள்.

புளூயிங் என்பது பெயிண்ட் அல்ல. இரும்பின் மேற்பரப்பையே ரசாயனத்தில் கருநீலமாக்குவது. மறுபடி செய்ய வேண்டுமென்றால் பழையதை நீக்கி, உலோகத்தைப் பஃப் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்ற வேண்டும். தடயம் விழுவது அங்கேதான். பேரல் (குழல்) மேல் பொறித்திருக்கும் நிறுவனப் பெயரின் எழுத்துகள் ஓரம் மழுங்கி, சில இடங்களில் ஆழம் குறைந்திருக்கும். கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்புகள் உருண்டிருக்கும். பக்கத் தகட்டில் இருக்கும் ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி லேசான பள்ளம் தெரியும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தட்டையான பரப்பு அலை போல நெளியும். எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு: அந்தக் காலத்து மாடல் 19-இல் ஹேமரும் (தோட்டாவை அடிக்க விழும் சுத்தியல்) ட்ரிகரும் தனியாகக் கடினமாக்கப்பட்டவை, பழுப்பும் சாம்பலும் நீலமும் கலந்த மேகத்திட்டு மாதிரி நிறம் அவற்றில் ஓடும். அவையும் துப்பாக்கியின் மற்ற பாகங்களைப் போலவே ஒரே கருநீலமாக இருந்தால், செய்தவர் எல்லாவற்றையும் கழற்றி ஒரே தொட்டியில் போட்டுவிட்டார் என்று அர்த்தம். "கைதேர்ந்தவர்" என்ற சொல்லை அதற்கப்புறம் நம்ப வேண்டியதில்லை.

மறுபூச்சு கெட்ட காரியம் என்று சொல்லவில்லை. சுடுவதற்கு வாங்குகிறீர்கள் என்றால் நல்ல மறுபூச்சு துருவைத் தடுக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் சேகரிப்பவர் விலையைக் கேட்காமல், சுடுபவர் விலையைக் கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு இடைவெளி இருப்பது சாதாரணம். இன்னொரு சந்தேகமும் உண்டு: ஏன் மறுபூச்சு செய்தார்கள்? தேய்ந்ததாலா, துருப்பிடித்ததாலா? துருக் குழிகளை மெருகேற்றி மறைத்திருக்கலாம். கைப்பிடிப் பலகையைக் கழற்றி உள்ளே இருக்கும் இரும்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெளியில் எவ்வளவு வேலை செய்தாலும், அந்த மறைவிடத்தில் பழைய துரு தன் அடையாளத்தை விட்டிருக்கும்.

அடுத்து "அதிகம் சுடாதது". பழைய கார் வாங்கும்போது ஓடோமீட்டராவது இருக்கும், துப்பாக்கிக்கு அதுவும் கிடையாது. எத்தனை ரவுண்டு சுட்டது என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. அதனால் அந்த வாக்கியத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பு பூஜ்யம் டாலர். சிலிண்டரை (தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை) சுற்றி ஓடும் மெல்லிய கோட்டைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது சிலிண்டர் சுழலும்போது கீழே இருக்கும் பிடிப்பான் உரசுவதால் வருவது, சுடாமல் சும்மா சுழற்றினாலும் வரும். சிலிண்டரின் முன்முகம் சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்படவும் வேண்டாம், ஈயக்கறை நீக்கும் துணியால் ஐந்து நிமிடம் தேய்த்தால் போய்விடும். அழிக்க முடியாத தடயங்கள் வேறு. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்கு நேர் மேலே, ஃப்ரேமின் (துப்பாக்கியின் உடற்கூட்டின்) உள்பக்கத்தில், சூடான வாயு அறுத்த மெல்லிய கோடு ஒன்று விழும். மேக்னம் எனும் வீரியம் கூடிய தோட்டாக்களை நிறையச் சுட்ட துப்பாக்கியில் அது நன்றாகவே தெரியும்.

மாடல் 19-இல் மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இது 1955-இல் காம்பாட் மேக்னம் என்ற பெயரில் வந்தது, 1957-இல் மாடல் 19 என்ற எண் கிடைத்தது. போலீஸ்காரர்கள் இடுப்பில் சுமக்க வசதியாக, .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவுக்கு இருந்த நடுத்தர அளவு ஃப்ரேமிலேயே .357 மேக்னத்தை அடக்கினார்கள். அந்த அடக்கத்துக்காக, பேரலின் பின்முனையில் கீழ்ப்பக்கத்தைக் கொஞ்சம் தட்டையாகச் சீவ வேண்டியிருந்தது. குண்டு சிலிண்டரை விட்டுப் பேரலுக்குள் நுழையும் புனல் போன்ற வாய் அது. ஃபோர்சிங் கோன் என்பார்கள். சீவிய இடத்தில் சுவர் மெல்லிசு. 125 கிரெய்ன் எடைக் குண்டு கொண்ட, வேகம் கூடிய மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்ட துப்பாக்கிகளில், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில் அங்கே விரிசல் விழுந்தது. பேரலை மாற்றுவது தவிர வழியில்லை, பழைய மாடலுக்கு நல்ல பேரல் கிடைப்பதும் சுலபமல்ல. ஆகவே சிலிண்டரை வெளியே தள்ளி, அந்த இடத்தைத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும் என்று கேளுங்கள். அவர் போட்ட நான்கு படங்களில் அது இல்லை. நான்கும் வெளிப்புற அழகைக் காட்டுபவை.

சிலிண்டரைத் திறந்தால் ஃப்ரேமில் மாடல் எண்ணும் தெரியும்: 19-3, 19-4, 19-5 என்று. அதையும் கேளுங்கள், விலை அதைப் பொறுத்து மாறும். 1982-இல் வந்த 19-5 முதல், பேரலைக் குறுக்கே பிடித்திருந்த சிறு ஊசியையும், தோட்டாவின் விளிம்பு உள்ளே உட்காரும்படி குடைந்த சிலிண்டரையும் நிறுவனம் விட்டுவிட்டது. இரண்டும் உள்ள முந்தைய துப்பாக்கிகளைத் தேடுபவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். சுடும்போது உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. 1999-இல் நிறுத்தப்பட்ட இந்த மாடல் 2018-இல் மறுபடி வந்தது, அந்தப் புதியதில் பேரல் அமைப்பே வேறு. இப்போதைய விலையைத் தேடும்போது இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

படத்தில் தெரியாதவற்றை நேரில்தான் பார்க்க முடியும். தோட்டா இல்லை என்று இருவரும் பார்த்து உறுதி செய்தபின், அனுமதி கேட்டுவிட்டு, ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள், இன்னொரு கை விரலால் சிலிண்டரை லேசாகத் தடுத்துப் பிடித்தபடி. ஹேமர் முழுசாகப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் "டக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று பிந்துவது சகஜம். பிந்தினால் உள்ளே தேய்மானம், சரிசெய்யலாம், ஆனால் செலவு உண்டு. ஹேமரைப் பின்னால் நிறுத்திவைத்துப் பெருவிரலால் முன்னோக்கி அழுத்துங்கள். விழுந்துவிட்டால் யாரோ உள்ளே அரம் போட்டு ட்ரிகரை லேசாக்கியிருக்கிறார்கள், அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பேரலுக்கும் சிலிண்டருக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பாகம் வரை நல்லது, பத்தைத் தாண்டினால் விலை குறைய வேண்டும். பேரலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கும்போது வளையம் மாதிரி ஒரு நிழல் தெரிந்தால், உள்ளே சிக்கிய குண்டின் பின்னால் இன்னொன்றைச் சுட்டுப் பேரல் வீங்கியிருக்கிறது. திறந்த சிலிண்டரைச் சினிமாவில் வருவது போல மணிக்கட்டை உதறி மூடாதீர்கள். அச்சு வளையும், விற்பவருக்கும் உங்கள் மேல் இருக்கும் மரியாதை போய்விடும்.

இனி விலை. எந்த விளம்பரத்திலும் இருப்பது கேட்கும் விலைதான். விற்ற விலை வேறு. கன்புரோக்கர் என்ற ஏலத் தளத்தில் கணக்கு ஆரம்பித்து, முடிந்த ஏலங்களைத் தேடினால் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று தெரியும். அதே மாடல் எண், அதே பேரல் நீளம், அதே பூச்சு உள்ளவற்றை மட்டும் எடுங்கள். இரண்டு பேர் வீம்புக்கு ஏலம் கேட்டு ஏறிப்போன ஒன்றையும், மங்கலான படத்தால் மலிவாகப் போன ஒன்றையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பவற்றைப் பாருங்கள். என் கண்ணில் பட்டவரை, அசல் பூச்சோடு நல்ல நிலையில் இருக்கும் சாதாரண மாடல் 19 சுமார் 800 முதல் 1,100 டாலருக்குள் கைமாறுகிறது. அசல் பெட்டியும் காகிதங்களும் இருந்து, பெட்டி முனையில் உள்ள எண் துப்பாக்கியோடு பொருந்தினால் அதற்கு மேலும் போகும். மறுபூச்சு செய்தது 600-லிருந்து 750. இந்த எண்கள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் நகரும். நகராதது அவற்றின் இடைவெளி.

விற்பவர்கள் ஏன் உயர்த்திச் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் 2020. கொரோனா வருடத்தில் துப்பாக்கி தொடர்பான எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனைகள் 3.9 கோடியைத் தாண்டின. கடைகள் காலியாயின, பழையதும் புதிய விலைக்குப் போனது. அன்று வாங்கியவர் அன்றைய விலையையே இன்றும் எதிர்பார்க்கிறார். இன்னொரு காரணம், சேர்த்த சாமான்கள். "400 டாலருக்கு ட்ரிகர் வேலை, 120 டாலர் ஹோல்ஸ்டர் (இடுப்பு உறை)" என்று கூட்டிக்கொண்டே போவார்கள். உங்களுக்குத் தேவைப்படும் சாமானுக்கு மட்டும் பாதி விலை கொடுக்கலாம். ட்ரிகர் வேலைக்கு நான் எதுவும் கூட்டமாட்டேன், யார் செய்தார் என்று ரசீது இல்லாவிட்டால் குறைப்பேன்.

பூச்சு மட்டுமே பார்த்து விலை போடுவது எவ்வளவு தவறு என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் சொல்ல வேண்டும். எஃப்.பி.ஐ. .40 தோட்டாவை விட்டு 9 மில்லிமீட்டருக்குத் திரும்பியபின் பல காவல் துறைகளும் அப்படியே செய்தன. அவர்கள் திருப்பிக் கொடுத்த க்ளாக் 22 பிஸ்டல்கள் சந்தையில் குவிந்தன. ஹோல்ஸ்டரில் உரசி உரசி மூலைகள் வெளுத்திருக்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் பல காவலர்கள் வருடாந்தரத் தகுதிச் சோதனைக்கு மேல் அதிகம் சுடுவதில்லை, உள்ளே பேரல் நன்றாக இருக்கும். வீட்டுப் பாதுகாப்புக்கு மட்டும்தான் வாங்குகிறீர்கள் என்றால், மாடல் 19-க்குச் செலவழிப்பதில் பாதியில் அப்படிப்பட்ட ஒன்று முடிந்துவிடும். உங்கள் ஆசை ரிவால்வர் என்றால் அது வேறு விஷயம், அந்த ஆசை எனக்குப் புரிகிறது.

திருட்டுத் துப்பாக்கியா என்ற பயத்துக்கு முழுப் பதில் கிடையாது. பொதுமக்கள் தேடக்கூடிய நாடு தழுவிய பட்டியல் எதுவும் இல்லை. ஃப்ளோரிடா போன்ற சில மாநிலங்கள் தங்கள் பட்டியலைத் திறந்து வைத்திருக்கின்றன, மற்ற இடங்களில் உள்ளூர் போலீசார் கேட்டால் எண்ணைச் சரிபார்த்துச் சொல்லக் கூடும். சீரியல் எண் தேய்க்கப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம், அதை வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். விற்பவர் துப்பாக்கியை உண்மையிலேயே வைத்திருக்கிறாரா என்று அறிய, இன்றைய தேதியை எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் கேளுங்கள். நேரில் காட்டும் முன் பணம் அனுப்பச் சொன்னால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் இருவரும் அதே மாநிலத்தவர் என்றால், தனிநபர் விற்பனைக்குப் பின்னணிச் சோதனை சட்டப்படி கட்டாயமில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், கொலராடோ, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் கட்டாயம். விற்பவர் வேறு மாநிலத்தவர் என்றால் எங்கே இருந்தாலும் உங்கள் மாநில டீலர் வழியாகத்தான் வர வேண்டும். கட்டாயமில்லாவிட்டாலும் டீலர் கடையில் வைத்தே கைமாற்றச் சொல்லுவேன். கட்டணம் பெரும்பாலும் 25 முதல் 50 டாலருக்குள். சோதனையும் நடக்கும், உங்கள் பெயரில் கைமாறியதற்குப் பதிவும் இருக்கும், நல்ல வெளிச்சத்தில் ஃபீலர் கேஜ் வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் நிற்பார். இதற்கு மறுக்கும் விற்பவரிடம் நான் வாங்கமாட்டேன். தனியுரிமைக்காக மறுப்பவர்களும் இருக்கிறார்கள்தான், அவர்கள் எல்லோரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. புதிதாக வாங்கும் ஒருவர், அதிலும் கிரீன் கார்டில் இருப்பவர், அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கத் தேவையில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்றைக்கு அவருக்கு இப்படி எழுதுவேன்: ஃபோர்சிங் கோன், கைப்பிடிக்கு உள்ளே, ஃப்ரேமின் மேல்பக்க உள்புறம், ஹேமர், மாடல் எண் ஆகியவற்றின் படங்கள் வேண்டும், எல்லாம் சரியாக இருந்து, டீலர் கடையில் சோதித்துப் பார்க்கவும் சம்மதித்தால், மறுபூச்சு செய்த துப்பாக்கி என்பதால் 700 டாலர் தருகிறேன், டீலர் கட்டணம் என்னுடையது. 750 வரை ஏறலாம். "பேரம் வேண்டாம்" என்று எழுதியவர் சில வாரம் விற்காமல் கிடந்தபின் தானே கூப்பிடுவதும் உண்டு, அதனால் மரியாதையாக எழுதுங்கள். வாங்கிய அன்றே சீரியல் எண்ணையும் எல்லாப் பக்கப் படங்களையும் துப்பாக்கி இல்லாத வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். திருடு போனால் போலீசார் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான், அது இல்லாமல் புகாரைப் பதிவு செய்தாலும் பெரிய பயன் இருக்காது.